புள்ளி வைத்து உடைத்த கண்ணாடி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் முன் யன்னல் கண்ணாடியை மருமகன் தோல்பந்தால் உடைத்தான். அக்கா கண்ணாடிக் கடைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் அந்த உடைப்பைக் கணினியில் போலச்செய்து பார்க்க லாம்ப்ஸ் (LAMMPS) மென்பொருளைத் தரவிறக்கிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, காசு கேட்பதில்லை. அணுக்களின் அசைவைக் கணிக்க எழுதப்பட்டதென்றாலும், அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் சிலிங் 2000இல் முன்வைத்த பெரிடைனமிக்ஸ் முறையும் இதற்குள் இருக்கிறது. பொருளைக் கோலப்புள்ளிகள் போலத் துகள்களாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ளவற்றோடு பிணைக்கிறோம். அளவுக்கு மேல் இழுபட்ட பிணைப்பு அறுந்துவிடும், பிறகு ஒட்டாது. வெடிப்பு எந்த வழியே ஓடவேண்டும் என்று நாம் வரைந்து கொடுப்பதில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான்.

கையேட்டின் எடுத்துக்காட்டில் துகள் இடைவெளி 0.5 மில்லிமீற்றர், ஒரு துகள் எவ்வளவு தூரம்வரை பிணையலாம் என்ற எல்லையோ 0.0015001 மீற்றர். கடைசி 1 எழுத்துப்பிழை என்று அழித்துவிட்டேன். பிழை என்னுடையது. சரியாக மூன்று இடைவெளி தள்ளி நிற்கும் துகளை, கணினி தசமங்களைச் சுருக்கும்போது வரும் சிறு வழு வெளியே தள்ளிவிடாமலிருக்கத்தான் அந்த மயிரிழை. அந்த எடுத்துக்காட்டில் இலக்கை உடைக்கும் குண்டு செக்கனுக்கு 100 மீற்றர், அதாவது மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது. எங்கள் ஒழுங்கையில் அப்படி யாரும் வீசுவதில்லை. செக்கனுக்கு 20 மீற்றராகக் குறைத்தேன்.

பொறுமையில்லாமல் காலப்படியை, அதாவது ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை, நூறு மடங்கு கூட்டியபோது துகள்கள் சிதறியோட, அணுக்களைக் காணவில்லை என்ற செய்தியோடு ஓட்டம் நின்றது. உடைப்பதற்கென்றே ஓட்டிய நிரலில் துண்டு காணாமல் போனது குற்றமாம்! மீண்டும் 0.1 மைக்ரோசெக்கனுக்கே வந்தேன். இடைவெளியைப் பாதியாக்கினால் துகள்கள் எட்டு மடங்கு. காலப்படியும் சிறுக்க வேண்டும். அன்றிரவு மடிக்கணினி மின்விசிறியை விடச் சத்தமாக இரைந்தது.

சேதத்தை, துகள்களைப் படமாகக் காட்டும் ஓவிட்டோ மென்பொருளில் நிறமிட்டுப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சதுர அடுக்கில் வைத்த புள்ளிகள் அல்லவா, வெடிப்பும் நான்கு பக்கமும் ஒன்றுபோலவே விரிகிறது. வாளியில் கிடக்கும் எங்கள் துண்டுகளில் ஒன்றுக்கொன்று ஒப்பில்லை. மெய்யான கண்ணாடி தன் மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்களிலிருந்து வெடிக்கிறது. என் புள்ளிகளில் கீறலே கிடையாது. துகள்களைச் சற்றுக் கலைத்து அடுக்க வேண்டும்.

மொரட்டுவையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு லாம்ப்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். படங்களை அக்காவிடம் காட்டினேன். “கடைக்காரன் வரமுதல் அளவை எடுத்து வை, தம்பி” என்றாள். மருமகன்தான், 100இலேயே ஓட்டிக் காட்டுங்கள் மாமா என்று பக்கத்தில் நிற்கிறான்.