கோப்பையா, பையன்களா: 200 நிமிடத்தை யாருக்குக் கொடுப்பது?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் வார இறுதி லீக் ஆடும் எந்தக் கூடைப்பந்துக் குழுவுக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த வாக்குவாதம் உண்டு. கையிருப்பைக் கொடுத்து வெளி ஆட்டக்காரர் இருவரை எடுத்து இந்தப் பருவமே கோப்பையைத் தூக்குவதா, படிவம் ஒன்று, இரண்டில் படிக்கும் 13, 14 வயதுப் பையன்களைச் சேர்த்து நான்கு வருடம் காத்திருப்பதா?

பணக் கணக்கைவிட நிமிடக் கணக்குதான் முக்கியம். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு, களத்தில் ஐவர். ஆக ஓர் ஆட்டத்தில் பங்கிட 200 நிமிடம். வெளியாட்கள் ஆளுக்கு 35 நிமிடம் ஆடினால் 70 போயிற்று. மிச்சம் 130, பட்டியலில் இருக்கும் மற்ற பத்துப் பேருக்கு. அதையும் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டால், பையன்களுக்கு வெற்றி உறுதியான பிறகு கிடைக்கும் கடைசி இரண்டு நிமிடம்தான்.

'இப்போதே வெல்வோம்' கட்சி செய்யும் பெரிய தப்பு, பந்தை முன்னே கொண்டு செல்லும் 'கார்டு' இடத்துக்கு வேகமான ஒருவரை எடுப்பது. பந்தை அவரே கொண்டு போவார், அவரே எறிவார். லீக் சுற்று இனிமையாகப் போகும். அரையிறுதியில் பலமான குழு களம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் போடும். அந்த கார்டு நான்கு ஃபௌலோடு (ஐந்தானால் வெளியேற்றம்) உட்கார்ந்தால், 8 விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்டப் பந்தை எடுத்துப்போகத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். அங்கே பருவம் முடிந்துவிடும். கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டர் விஷயம் வேறு. உயரத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியாது. அவருக்குப் பந்து வர யாராவது கொடுத்தாக வேண்டும் என்பதால், பையன்கள் பாஸ் கொடுக்கக் கற்கிறார்கள்.

வளர்க்கும் வழியும் சும்மா இல்லை. சீனப்பள்ளிகளில் பந்து தொடக்கப்பள்ளியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் காற்பந்துதான் ராஜா. நம் பிள்ளைகளில் பலர் 13 வயதில்தான் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் பழகுகிறார்கள். 17-இல் ஆட்டம் உருப்படும்போது படிவம் ஐந்து இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வந்து நிற்கும், அடுத்த வருடம் ஒருவன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன், இன்னொருவன் ஜொகூரில் பொலிடெக்னிக். ஒரே வயதில் எட்டுப் பேரைச் சேர்த்த குழு ஒரே ஆண்டில் காலியாவது இதனால்தான். 13 முதல் 17 வரை வயதுக்கு இரண்டு பேர் வைத்தால், வருடம் இருவர் போனாலும் இருவர் வருவார்கள். திறந்தவெளித் திடல்தான் கதி என்றால், மாலை மழைக்கு எத்தனை பயிற்சி பறிபோகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பையன்களை மூவருக்கு மூவர் மோதும் 3x3 ஆடவிடுவது கைகொடுக்கும்: 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, 12 விநாடிக்குள் எறிய வேண்டிய ஷாட் கடிகாரம், மாற்று ஆட்டக்காரரோடு குழுவுக்கு நால்வர். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வைக் காட்டி 'தோற்றாலும் பரவாயில்லை, வளரட்டும்' என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா 2015-16-இல் 10 வெற்றி, 72 தோல்வி கண்டது புதிய ஆட்டக்காரர்களைக் குழுக்கள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், கடைசியாக வந்தால் முதலிடம் கிடைக்கும் என்பதற்காக. 2019-இல் கடைசி மூன்று குழுக்களுக்கும் அந்த வாய்ப்பைத் தலா 14 சதவீதமாக்கிவிட்டார்கள். நம் லீக்கில் டிராஃப்டே இல்லை. தோல்விக்குப் பரிசு எதுவும் வராது, பையன்கள் மனம் வெறுத்துப் போவதைத் தவிர.

மறுபக்கம், உடனே வெல்லப் பார்த்த என்.பி.ஏ. குழு புரூக்ளின். 2013-இல் 37 வயது கார்னெட்டையும் 35 வயது பியர்ஸையும் வாங்க, பல ஆண்டுகளின் டிராஃப்ட் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளை பாஸ்டனுக்குக் கொடுத்தது. அந்தத் தேர்வுகளின் வழியாக வந்த ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் 2024-இல் பாஸ்டனுக்கே கோப்பை வாங்கித் தந்தார்கள். டொராண்டோவும் 2018-இல் கவாய் லெனார்டை வாங்கியது. 2019-இல் வென்றது, அதே கோடையில் அவர் போய்விட்டார். ஆனாலும் அது நல்ல பேரம். அந்த வெற்றியில் உடன் ஆடிய சியாக்கமும் வான்வ்லீட்டும் டொராண்டோவின் சொந்த வளர்ப்புக் குழுவில் பழகி வந்தவர்கள். அவர்கள் வளர்ந்த பிறகுதான் வெளியாள் சேர்ந்தார்.

எங்கள் தேர்வு இதுதான்: வெளியாள் ஒருவர் போதும், அவரும் சென்டராக இருக்கட்டும். லீக் சுற்றில் இரண்டாம் குவார்ட்டர் முழுக்கப் பையன்கள் ஐவருக்கு, அதாவது 50 நிமிடம். ஸ்கோர் சரிந்தாலும் பயிற்றுநர் கைவைக்கக் கூடாது. வெளியாளுக்கு வாரம் ஓர் இரவுப் பயிற்சி கட்டாயம். தொகையில் பாதி முன்பணம், மீதி பருவம் முடிந்த பிறகு. முழுத் தொகையையும் முன்னாலேயே வாங்கியவருக்கு அரையிறுதி நாளில் வேறொரு குழுவின் ஆட்டம் வந்து முட்டும்.