போர்க்கால பிபிசி: சிரிப்பா, இசையா?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் மக்களின் மனத்தைத் தாங்கிப் பிடித்த வானொலி நிகழ்ச்சிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 'இட்மா'. போருக்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூலையில் தொடங்கிய அரைமணி நேர நகைச்சுவை. நாயகன் டாமி ஹேண்ட்லி, எழுதியவர் டெட் கவனா. கதை பெரிதாக இருக்காது. கதவு திறக்கும், ஒரு பாத்திரம் வந்து தன் வழக்கமான வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகும், அடுத்த ஆள் வருவார். துப்புரவுப் பணியாளர் மிசஸ் மாப், தொலைபேசியில் மிரட்டும் ஜெர்மன் உளவாளி ஃபுன்ஃப் என ஒரு பட்டாளமே உண்டு. ஃபுன்ஃபின் அந்தக் குரல், நடிகர் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் பேசி உண்டாக்கியது! பயமுறுத்த வேண்டிய எதிரியைக் கேலிப்பொருளாக்கிய அந்தத் துணிச்சல்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாவது 'மியூசிக் வைல் யூ வொர்க்'. 1940 ஜூனில் தொடங்கி, தினமும் இருமுறை தொழிற்சாலைகளுக்காக ஒலித்த இடைவிடாத இசை. வேலையின் வேகம் குறையக்கூடாது என்பதால் மெதுவான மெட்டுகளைத் தவிர்த்தார்கள். தொழிலாளர்கள் கைவேலையை விட்டுவிட்டுத் தாளம் போடுவார்கள் என்று, கைதட்டல் வரும் ஒரு பிரபலப் பாட்டையே ஒதுக்கினார்கள்.

உற்பத்திக்கு உதவியது எது என்றால் சந்தேகமில்லாமல் இசைதான். ஆனால் அன்றைய மக்களின் மனநிலையை அறிய 'இட்மா'வைத்தான் கேட்கச் சொல்வேன். சரி, ஆயுள்? ஹேண்ட்லி 1949 ஜனவரியில் இறந்ததும் 'இட்மா' நின்றது. இசை நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.