பிஎஸ்சியைப் பாதியில் விட்டு நீட்டா, முடித்துவிட்டு நீட்டா?

வியாசர்பாடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ பிஎஸ்சி படித்துக்கொண்டே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மீது கண் வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எம்பிபிஎஸ் சேர டிகிரி தேவையே இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40, ஆங்கிலத்தில் தேர்ச்சி. 2022-இல் வயது உச்சவரம்பும் போய்விட்டது.

பாதியில் விட்டால் கிடைப்பது நேரம் மட்டும்தான். 720 மதிப்பெண்ணுக்கான தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். முழுநேரப் பயிற்சி அங்கே உதவும். ஆனால் டிசியையும் ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்களையும் கையில் வாங்காமல் கல்லூரியை விட்டு வராதீர்கள். பலரும் கவுன்சலிங் நேரத்தில்தான் அலைகிறார்கள்.

முடித்தால் நீட் ரேங்கில் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் போகாது. சீட் கிடைக்காவிட்டால் எம்எஸ்சி, பிஎட், குரூப் 2 எல்லாம் திறந்திருக்கும். அமெரிக்கக் கனவு இருந்தால் கட்டாயம் முடியுங்கள்: அங்கே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் முடித்த டிகிரி கேட்கும், டிகிரி முடிக்காமலே 90 கிரெடிட் (கல்லூரிப் பாட அலகுகள்) போதும் என்பவை சொற்பம்.

கணக்கு-கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவருக்கு வேறு கதை. பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அதற்கு பிஎஸ்சியை விடவே வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் இருப்பவர் விடுவது வீண்.