கொழுந்து கருகுது: குளிரா, வேரா, கல்சியமா, சிற்றுண்ணியா?

வீட்டுக்குள் இருக்கிற அந்தூரியமோ பெகோனியாவோ கொழுந்து கருகினால், மலைநாட்டில் முதலில் கை போவது உரப் பைக்குத்தான். தோட்டத்து யூரியாவை ஒரு பிடி போட்டுப் பார்ப்போம் என்கிற அந்த யோசனையை விட்டுவிட்டு, செடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

குளிரைக் கண்டுபிடிப்பது லேசு. சனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிகிற இரவுகள் உண்டு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண்ணாடிப் பக்கத்து இலைகள் மட்டும் நீர் கோத்தது போல் கறுத்திருந்தால் குளிர்தான். சாடியை இரண்டடி உள்ளே தள்ளுங்கள், போதும்.

வேர் அழுகலையும் கல்சியக் குறையையும் பிரிப்பதுதான் கஷ்டம். அழுகலில் மண் ஈரமாக இருந்தும் செடி வாடும், அடி இலையும் மஞ்சளாகும். செடியைக் கழற்றி ஒரு வேரை விரலால் உருவுங்கள். தோல் கழன்று உள்நரம்பு நூல் போல் மிஞ்சினால் அது செத்த வேர். கல்சியக் குறையில் முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். புது இலையின் ஓரம் பழுத்துக் கொக்கி போல் வளையும், பிறகு நுனி சாகும். பழைய இலைக்குள் போய்விட்ட கல்சியம் கொழுந்துக்குத் திரும்பி வராது. இலை நீராவி விட்டால்தான் அது மேலே ஏறும். தென்மேல் பருவத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நாட்கணக்கில் மூடுபனி நின்றால், மண்ணில் கல்சியம் இருந்தும் நுனிக்குப் போய்ச் சேராது. அழுகிய வேரும் கொழுந்தில் இதே அடையாளத்தைக் காட்டும். ஆகவே வேரைப் பார்க்காமல் கல்சியம் போடாதீர்கள்.

வேர் வெள்ளையாக இருந்தால் மண்ணைச் சந்தேகியுங்கள். தேயிலை மலை மண் புளிப்பானது, அதையே சாடியில் நிரப்புவது இங்கே வழக்கம். ஒரு லீற்றர் மண்ணுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி டொலமைட் கலக்கலாம்; புளிப்பைக் குறைத்துக் கல்சியமும் தரும் கல் தூள் அது. பலன் தெரிய வாரங்கள் ஆகும். அசேலியாவுக்கு மட்டும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். மண் சரியாக இருந்தும் கருகினால் பகலில் ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள். யூரியா இந்த நேரத்தில் கேடுதான்: அதிலிருந்து வரும் அமோனியம் கல்சியத்தோடு போட்டி போடும்.

சிற்றுண்ணி, அதாவது கொழுந்தில் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உண்ணி (mite), வேறு மாதிரி. இலை கருகுவதற்கு முன்னாலேயே ஒடுங்கித் தடித்துக் கீழ்நோக்கிச் சுருளும், மடக்கினால் முறியும், அடிப்புறம் செம்பு நிறமாகும். மஞ்சள் தேயிலைச் சிற்றுண்ணி என்று பெயர் வாங்கிய இனம் இது. நீளம் சுமார் 0.2 மில்லிமீற்றர், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் கொச்சிக்காய்ச் சாடி இருந்து அதன் இலையும் சுருண்டிருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. நல்ல லென்சில் முட்டை தெரியும்: கண்ணாடி போன்ற முட்டை, மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக.

சவர்க்காரத் தண்ணீர் மடிப்புக்குள் போகாது. சுருண்ட கொழுந்தைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லேபலில் உள்ள அளவில் தெளியுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். சுருண்ட இலை மறுபடி நிமிராது. அடுத்து வருகிற இரண்டு இலைகளைப் பாருங்கள்.