விரியும் நோட்டு, விரியாத நோட்டு

செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஜூனியர் யாராவது வந்து நிற்பார்கள். "அக்கா, ஸ்டுடியோ புராஜெக்டைக் கையால தைக்கணுமாம். எந்த பைண்டிங் ஈஸி?"

ஈஸி என்றால் நடுத்தையல்தான். எட்டுத் தாளை ஒன்றாக மடித்து, மடிப்பில் மூன்று துளை குத்தி, நடுத்துளையில் தொடங்கிய நூலை அங்கேயே கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் 32 பக்க நோட்டு தயார். கால் மணி நேர வேலை. சின்னப் படக்கதைக்கு இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். தாள் கூடக்கூட உள்தாள்கள் வெளியே துருத்தும், அவ்வளவுதான்.

பக்கம் அதிகமானால் பலரும் ஜப்பானியத் தையலுக்குத் தாவுகிறார்கள். ஓரத்தில் நான்கு துளை, அட்டையின் மேல் கோலம் போல ஓடும் நூல், பார்க்க அழகுதான். தனித்தனித் தாள்களையும் இதில் கட்டிவிடலாம். ஆனால் துளை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே விழும். அந்த நூலைத் தாண்டி நோட்டு விரியாது. இரண்டு பக்கமும் பரவிய ஓவியம் என்றால் அதன் நடுப்பகுதியைத் தையல் விழுங்கிவிடும். குற்றம் தையல்மேல் இல்லை. சீனாவிலும் ஜப்பானிலும் இப்படித் தைத்தது துணி போலத் துவளும் மெல்லிய கைத்தாளை. ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு, மடிப்பு வெளியோரம் வரும்படி அடுக்கினார்கள். நம்முடைய கார்ட்ரிட்ஜ் தாள், சதுர மீட்டருக்கு 150 கிராம் (150 ஜிஎஸ்எம்) எடையுள்ள தடித்த ஓவியத்தாள், விறைத்துக்கொண்டு நிற்கும். (நம் ஓலைச்சுவடியும் துளையிட்டுக் கயிறு கோத்ததுதான். ஆனால் கயிற்றைத் தளர்த்தி ஏட்டைப் புரட்டினார்கள். விரிக்கவேண்டிய தேவையே வரவில்லை.)

என் ஓட்டு காப்டிக் தையலுக்கு. எகிப்தின் ஆதிக் கிறித்தவர்கள் கையாண்ட முறை இது. நாலைந்து தாளாக மடித்த கட்டுகளை, அச்சகத்துக்காரர்கள் பேச்சில் ஃபாரம்களை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றின் நூலையும் முந்தைய தையலில் கொக்கி போட்டு ஏற்றுவார்கள். முதுகில் சடை பின்னியது போலத் தெரியும். பசை கிடையாது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் தட்டையாகப் படுக்கும். ஸ்கெட்ச் நோட்டுக்கு வேறென்ன வேண்டும்? தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதே வகையில் தைத்த புனித கத்பர்ட் நற்செய்தி நூல், பழைய அட்டையோடு இன்றும் இருக்கிறது. 2012-இல் பிரிட்டிஷ் லைப்ரரி அதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

முதல்முறை தைக்க அரை நாள் பிடிக்கும். நூலை முதுகின் போக்கிலேயே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழியும். தளரவிட்டால் நோட்டு ஆடும். லினன் நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் வழுக்காது.

கெட்டி அட்டை பைண்டிங்குக்கு மதிப்பு தனி. நூலகப் பிரதி போலக் கனமாக இருக்கும். மார்க் போடுபவர் கையில் எடுத்ததுமே பாதி மயங்கிவிடுவார். ஆனால் தைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. முதுகில் பசை, மேலே மல் என்ற மெல்லிய வலைத்துணி, பிறகு அட்டை, அதை மூடும் கேலிகோ துணி. மைதாப் பசை மெதுவாகக் காயும் என்பதால் கோணலாக ஒட்டியதை நகர்த்தித் திருத்தலாம். ஃபெவிகால் அந்த அவகாசம் தராது. பைண்டர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், ஹாஸ்டல் அறையில் வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மழைநாளில் அட்டை ஒட்டிவிட்டு, எடை வைக்காமல் தூங்கிப்போனேன். காலையில் அப்பளமாக வளைந்திருந்தது. எடை மட்டுமல்ல காரணம், தாளின் இழை ஓட்டத்தையும், அதாவது அதன் நார்கள் எந்த வாக்கில் ஓடுகின்றன என்பதையும், நான் பார்க்கவில்லை. ஈரம் பட்டால் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். அட்டை, மேலுறை, உள்தாள் எல்லாவற்றிலும் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் இருக்கும்; பாதியாக மடித்தால் மடிப்புக்குக் குறுக்கே வந்துவிடும். நீளவாக்கு இழையுள்ள ஏ3 தாளைப் பாதியாக வெட்டி, பிறகு மடித்தால் சரியாக அமையும். சந்தேகமிருந்தால் தாளை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும் வாக்கில் மடியுங்கள்.

இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது, பிரிண்டும் தனித்தாளாகத்தான் வரும் என்றால் ஜப்பானியத் தையலே கதி. ஃபைலைக் கடைக்கு அனுப்பும் முன் தையல் பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டுவிடுங்கள்.