நாப்கின் பாக்கெட் கறுப்பு கவருக்குள் போகும் முன் பாருங்கள்

மெடிக்கலிலோ மளிகைக்கடையிலோ நாப்கின் கேட்டதும் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வாங்குபவரும் விலையைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார். பெண்களை ஏமாற்றுவதற்கு இந்த அவசரம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. கவரில் போடுவதற்கு முன்பே பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை. பாக்கெட்டின் உருவமும் விலையும் அப்படியே இருக்க, உள்ளே எட்டு ஏழாகும், பிறகு ஆறாகும். "எக்ஸ்எல்" என்பது முன்பக்கம் பெரிதாக இருக்கும், எண்ணிக்கை மூலையில் சிறிதாக இருக்கும். அந்த எக்ஸ்எல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எக்ஸ்எல் இன்னொன்றின் எக்ஸ்எல்லைவிடக் குட்டையாக இருக்கலாம். மில்லிமீட்டரில் போட்டிருக்கும் நீளத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அதே தட்டில் பேன்டி லைனரும் அடுக்கியிருப்பார்கள். எண்ணிக்கை அதிகம், விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். அது வெள்ளைப்படுதலுக்கானது, மாதவிடாய்க்குத் தாங்காது.

அடுத்து ஒரு பேடின் விலை. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்பது எப்போதும் உண்மையல்ல. 6 பேட் 45 ரூபாய் என்றால் ஒன்று ஏழரை ரூபாய். 15 பேட் 120 ரூபாய் என்றால் ஒன்று எட்டு ரூபாய். "சேவர் பேக்" என்று எழுதியிருந்தாலும் கணக்கு மாறாது. பொட்டலப் பொருள் விதிகளில் வந்த திருத்தத்தின்படி ஒரு பேடின் விற்பனை விலையும் அச்சிடப்பட வேண்டும். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

பில்லையும் விட்டுவிடாதீர்கள். 2017-இல் நாப்கினுக்குப் போட்ட 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையிலேயே நீக்கப்பட்டது. எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் "டாக்ஸ்" என்று ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டியிருந்தால் சுரண்டிப் பாருங்கள், பழைய விலை கீழே இருக்கும். விலையைக் குறைக்க ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

சந்தையிலும் ஆன்லைனிலும் பெயர், தேதி, விலை எதுவும் இல்லாமல் பாலித்தீன் பையில் 50, 100 என்று வரும் லூஸ் பேட் வேண்டவே வேண்டாம். இவற்றில் ஆலை கழித்தவையும் இருக்கும். பசை ஓரத்தில் ஒட்டியிருக்கும், உள்ளே ஈரத்தை இழுக்கும் ஜெல் தூள் ஒரே இடத்தில் கட்டியாகச் சேர்ந்திருக்கும், பிரித்துக் கட்டும்போது தூசியும் ஈரமும் ஏறியிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையும், நாப்கினுக்கான தர எண்ணான ஐஎஸ் 5405-ம் இருக்கிறதா பாருங்கள்.

எங்களுக்கு அதிகம் கோபம் வருவது மகளிர் குழுக் கூட்டங்களுக்குள் நுழையும் "டெமோ" விற்பனையில். இரண்டு பேடில் தண்ணீர் ஊற்றுவார்கள், தங்களுடையது முழுவதையும் உறிஞ்சிக் காட்டும். பேடின் உள்ளே இருக்கும் ஜெல் தூள் வெறும் தண்ணீரைத் தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு இழுக்கும். உப்பு கலந்த திரவம் என்றால் சில பத்து மடங்குதான். இரத்தம் உப்புள்ளது, கெட்டியும்கூட. ஆகவே தண்ணீர் டெமோ எதையும் நிரூபிக்காது. ஒரு மாதவிடாய் முழுவதற்குமே வழக்கமாக 30 முதல் 80 மில்லிதான் இரத்தம் போகும். ஒரு பேட் 150 மில்லி தாங்கும் என்ற பெருமையால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து, மற்ற நிறுவனத்தின் பேடை எரித்துக் கரும்புகை காட்டுவார்கள். அது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தின் புகை. தங்கள் பேடில் பஞ்சை மட்டும் பிய்த்து எரிப்பார்கள். கடைசியில் நடுவில் இருக்கும் வண்ணப் பட்டையைக் காட்டி, "அனயான் சிப்" (எதிர்மின் அயனிப் பட்டையாம்), வலி போகும், கட்டி கரையும் என்பார்கள். வெளியே ஒட்டும் ஒரு பட்டையால் கருப்பைக் கட்டி கரையாது. இதை நம்பி மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

வீட்டில் சோதிக்க வேண்டுமா? ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து, பேடின் நடுவில் ஒரே இடத்தில் மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மடித்த டிஷ்யூவை வைத்து, மேலே ஒரு கிலோ மாவு பாக்கெட்டை வையுங்கள். டிஷ்யூ எவ்வளவு குறைவாக நனைகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு பிராண்டையும் இதே அளவில் பார்த்து, பேட் விலையோடு ஒப்பிடுங்கள்.

விலை குறைவாக வேண்டுமானால் மத்திய அரசின் ஜன் அவுஷதி மருந்தகங்களில் சுவிதா நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒன்று ஒரு ரூபாய் என்று விற்கப்படுகிறது. 4 பேட் பாக்கெட்டுக்கு அங்கே பத்து ரூபாய் கேட்டால் கொடுக்க வேண்டாம், அது பழைய விலை.

கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேல் காசு வாங்கினால் பில்லையும் பாக்கெட்டின் விலை தெரியும் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசுங்கள். தமிழ்நாட்டில் இதில் நடவடிக்கை எடுப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பில் தராத கடையென்றால் ஜிபே ரசீதாவது இருக்கட்டும்.