வால்வு வேலைக்கு 1,180 வெள்ளி வாங்கிக்கொண்டு பழைய வால்வையே போட்டு மூடியிருக்கிறார்கள்: பைக் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

1,180 வெள்ளி. எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியே விடும் கதவு) இரண்டையும் புதிதாகப் போட்டு, நான்கு சீட்டையும் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) மெஷினில் வெட்டி, வால்வு சரியாக உட்காரும்படி செய்து தருகிறோம் என்று சொல்லி என்னிடம் வாங்கிய பணம். நேற்று மாலை வேறொரு மெக்கானிக் என் கண் முன்னால் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தவை என்னுடைய பழைய வால்வுகள். சீட்டில் கட்டர் படவே இல்லை. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் பாதி விவரம் விட்டுப்போகும்.

கடையின் பெயரைப் போடவில்லை. மனு கொடுக்கப் போகிறேன், அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது. இங்கே சிங்கப்பூரில், தொழிற்பேட்டை ஒன்றின் மேல்தளத்தில் இருக்கும் சின்ன மோட்டார்சைக்கிள் பட்டறை. பழைய பொருள் வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் போடுகிறார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஏராளம். பேசுகிறவர் நம் ஆள், நல்ல தமிழ்.

என் வண்டி 2பி உரிமத்துக்குள் அடங்கும் 200 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு வால்வு. ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகிறேன். முதல் ரயிலைப் பிடித்தாலும் காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் வாங்கும், காலவரம்புள்ள அரசு அனுமதி) இன்னும் சில வருடம் பாக்கி. இன்றைக்கு சிஓஇ விற்கிற விலையில் வண்டியைத் தூக்கிப்போட்டு வேறு வாங்குவதைப் பற்றி என் போன்றவர்கள் நினைக்கவே முடியாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டறைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. சிக்னலில் நின்றால் ஐடிலிங் தடுமாறி அணைந்துவிடும். த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். ஆனால் டேப்பட் சத்தம் (வால்வைத் தட்டும் சத்தம்) முன்பைவிடக் குறைந்திருந்தது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலரும் நல்லது என்று நினைப்பார்கள். என் வண்டி மாதிரி எஞ்சினில் வால்வு சீட்டுக்குள் தேய்ந்து இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறும், வால்வைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும், சத்தமும் குறையும். இடைவெளி சுத்தமாகப் போய்விட்டால் எஞ்சின் சூடானதும் வால்வால் முழுசாக மூட முடியாது.

இனி அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். எப்படி நம்ப வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் நீங்கள் தப்பிப்பீர்கள்.

அந்த ஆள் வேலை தெரிந்தவர். பிளக்கைக் கழற்றினார். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்கு (வால்வு எல்லாம் மூடியிருக்கும் நிலை) கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளையில் கேஜ் வைத்த குழாயை மாட்டிக் காற்றை விட்டார். "அண்ணே, சைலன்சர் வாயில கைய வைங்க" என்றார். வைத்தேன். உள்ளங்கையில் காற்று சீராகப் பட்டது. "இது எக்ஸாஸ்ட் வால்வு லீக். இப்ப இங்க கேளுங்க" என்று ஏர் ஃபில்டர் பக்கம் என் காதை வைக்கச் சொன்னார், சத்தமே இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் காற்று அங்கே வரும், அங்கேயும் பெரிதாக ஒன்றும் இல்லை. "ரிங் நல்லாருக்குண்ணே. சிலிண்டர் பிளாக்கத் தொட வேணாம். தொட்டா உங்களுக்கு வீண் செலவு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். வீண் செலவு வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற மெக்கானிக்கை யார்தான் நம்பமாட்டார்கள்? அப்புறம் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து எக்ஸாஸ்ட் இடைவெளியை அளந்து காட்டினார். என் வண்டிக் கையேட்டில் 0.12 மில்லிமீட்டர். 0.05 தகடுகூட நுழையவில்லை. அவர் சொன்ன நோய் அத்தனையும் உண்மை, நேற்று ஹெட்டைக் கழற்றியவரும் அதையே சொன்னார். நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், வைத்தியம் செய்யாமலே காசு வாங்கியிருக்கிறார். தெரியாமல் கெடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வராது.

விலை சொன்னார்: வால்வு இரண்டு, சீட் வெட்டும் கூலி, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) பார்ப்பது, ஸ்டெம் சீல் (தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுப்பது) நான்கு, கேஸ்கெட், ஆள் கூலி, எல்லாம் சேர்த்து 1,180 வெள்ளி. பாகம் ஆர்டர் போட வேண்டும், மெஷின் ஷாப்பும் முன்பணம் கேட்கிறது என்று முழுத் தொகையையும் பேநவ்வில் (கைபேசி வழியாக வங்கிப் பணம் அனுப்புவது) அனுப்பச் சொன்னார்கள். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீலத் துணி மேல் பளபளவென்று இரண்டு புது வால்வுகள், துணியின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. "உங்க வால்வு வந்திருச்சு அண்ணே."

வண்டியை எடுக்கப் போனபோது எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. "எப்படி இருக்கு பாருங்க, புது வண்டி மாதிரி" என்றார். அந்த அமைதிக்குக் காரணம், இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவுக்கு விடாமல் இறுக்கி வைத்ததுதான். நேற்று அளந்தபோது எக்ஸாஸ்டில் 0.04 தகடுகூடப் போகவில்லை.

சில வாரம் ஓடியது. ஒரு நாள் காலை புக்கிட் தீமா விரைவுச்சாலையில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்க, பவர் அப்படியே இறங்கிவிட்டது. த்ராட்டிலைத் திருகினால் சத்தம்தான் வருகிறது, வண்டி இழுக்கவில்லை. ஓரத்துக்கு வந்து சேர்ந்தது என் நல்ல காலம். வீட்டில் மனைவியிடம் இதை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறை சொன்ன பதில்களைக் கேளுங்கள்.

முதலில், "புது வால்வு, செட் ஆகணும்ண்ணே, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். சரியாக வெட்டித் தேய்த்துச் சோதித்த வால்வு மூடும்போதே காற்றைப் பிடிக்க வேண்டும். ஓட ஓடத் தானாகவே சரியாகிக்கொள்ளும் என்பது பொய்.

அடுத்து பெட்ரோல். "ஜோகூர்ல மலிவு பெட்ரோல் போட்டிருப்பீங்க." அங்கே மானிய விலையில் விற்கும் ரோன் 95 பெட்ரோலை நான் ஊற்றுவதே இல்லை, நான் போடுவது 97. அதைச் சொன்னதும், "இப்பல்லாம் பெட்ரோல்ல ஈயம் இல்லல்ல, அதான் சீட் சீக்கிரம் தேயுது" என்றார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் சிங்கப்பூரில் 1998-லேயே நின்றுபோனது. ஈயம் அந்தக் காலத்து மென்மையான சீட்டுகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது உண்மைதான். ஈயமில்லாத பெட்ரோலுக்கென்றே கடினமான சீட் வளையம் வைத்துச் செய்த வண்டிகளுக்கு அந்தக் கதை பொருந்தாது. என் வண்டி அதற்கெல்லாம் எத்தனையோ வருடம் கழித்து வந்தது.

பிறகு, "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிருச்சே, அப்ப வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்கள். வருடாந்திரச் சோதனையில் பிரேக், டயர், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளக்க மாட்டார்கள், ஹெட்டைக் கழற்றவும் மாட்டார்கள்.

கடைசியில் முதலாளி ஜோகூர் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவே இல்லை. பில் கேட்டேன், ஒரு தாளில் "டாப் ஓவர்ஹால் 1,180" என்று மட்டும் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். டாப் ஓவர்ஹால் என்றால் எஞ்சினின் மேல்பகுதியைப் பிரித்துச் செய்யும் வேலை, வால்வு என்ற சொல்லே அதில் இல்லை. பழைய வால்வுகள் எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு." மறுநாள் கேட்டபோது என் எண்ணை பிளாக் செய்திருந்தார்கள். 1,180 வெள்ளி வாங்கும் வரை "அண்ணே அண்ணே" என்ற அதே ஆள்.

நேற்று வண்டியைப் பார்த்தவர் வயதான சீன அங்கிள், வடக்குப் பக்கம் தனி ஆளாகப் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்ரஷன் அளந்தார், மிகவும் குறைவு. பிளக் துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். எண்ணெய் விட்ட பிறகு அளவு ஏறினால் ரிங்கில் குறை, ஏறாவிட்டால் வால்வில். ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றித் தலைகீழாக வைத்தார், எரியறைப் பள்ளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார், எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகச் சொட்டத் தொடங்கியது. இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், சில நிமிடம் போதும். அந்தப் பட்டறையில் இதை ஒரு முறை செய்திருந்தால் ஹெட்டை மூடவே முடிந்திருக்காது.

வால்வுகளை வெளியே எடுத்து வைத்தார். தண்டு நுனியில் ராக்கர் வருடக்கணக்காகத் தட்டிய குழி. வால்வின் முதுகில் கல்லாக இறுகிய கரி. சில வாரம் ஓடிய வால்வில் இதெல்லாம் வராது. ஒரு வால்வின் விளிம்பு எரிந்து அரித்துப்போயிருந்தது. வால்வின் முகத்தில் நீல மையைத் தடவி, சீட்டில் வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். சீட் முழுக்கச் சுற்றி ஒரே அகலத்தில் வளையமாக மை ஒட்ட வேண்டும். என் சீட்டில் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கோடு, ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை. பழைய குழிகள் அப்படியே இருந்தன, அவற்றின் மேல் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவிக் கொஞ்ச நேரம் தேய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த பேஸ்ட்டைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. கைடுக்குள் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. உப்புத்தாள் பொடி மாதிரியான அந்தக் கலவை உள்ளே இருந்துகொண்டு கைடையும் தண்டையும் அரித்திருக்கிறது. அதாவது என் 1,180 வெள்ளியில் புதிதாக ஒரு சேதத்தையும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள்.

கைடு ஆடினால் வால்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காரும். சீட் வெட்டும் கட்டரின் நடுக்கம்பியும் கைடுக்குள்தான் நிற்கிறது. அதனால் முதலில் கைடு, பிறகுதான் சீட் என்றார் அங்கிள். பெரும்பாலான எஞ்சினில் சீட்டின் முகம் 45 பாகை, அதற்கு மேலும் கீழும் வேறு கோணத்தில் வெட்டி, தொடும் வளையத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு வாங்குகிற சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் அந்தச் சின்ன வளையம் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. வளையத்தில் ஓரிடம் தொடவில்லை என்றால் அங்கே சூடு வெளியேறாது, எரியும் வாயு அதே இடைவெளியில் பீய்ச்சும், உலோகம் அரிக்கும். என் வால்வு எரிந்தது இப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பைக் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு அந்த நீலத் துணிப் படத்தைப் போட்டேன். இரண்டு பேர் தங்களுக்கு வந்த படத்தைப் பதிலுக்குப் போட்டார்கள். அதே துணி, அதே கறை, அதே இரண்டு வால்வுகள். அவர்களுடைய வண்டி வேறு மாடல், அந்த அளவு வால்வு அதில் பொருந்தவே பொருந்தாது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க ஓட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பழைய வால்வு கையில் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி அனுப்புங்கள். ஹெட்டை மூடுவதற்கு முன் நேரில் போய் மண்ணெண்ணெய் சோதனையையும் நீல மை வளையத்தையும் பாருங்கள், மூடிய பிறகு யாராலும் ஒன்றும் பார்க்க முடியாது. டேப்பட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் எதிரே அளந்து, எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சத்தமே இல்லை என்று பெருமை பேசினால் உடனே அளக்கச் சொல்லுங்கள். டைட்டானியம் வால்வு உள்ள வண்டி என்றால் பேஸ்ட் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும், புதிதுதான் மாற்ற வேண்டும்.

பணம் போனவர்கள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் கிடையாது, ஆனால் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் கொடுக்கலாம். நான் இரண்டையும் செய்யப் போகிறேன். அங்கிள் எடுத்த படங்கள், அளவுகள், பேநவ் ரசீது எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். 1,180 வெள்ளியில் ஒரு காசுகூட விட மாட்டேன்.

நீலத் துணிப் படம் உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். வந்த தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.